தறி மூன்றும் தொடர்பில் இல்லை

1

காலை ஒன்பது மணிக்குக் காபி குடிக்காதவனை இந்த நாட்டில் மனிதர் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பின்லாந்துக்கு வந்து பதின்மூன்று வருடமாகிறது, நானும் குடிக்கிறேன். பால் கிடையாது, டிகாஷன் வாசம் கிடையாது, கறுப்பாக இருப்பதால் காபி என்று நம்ப வேண்டியதுதான். மே மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை, தம்பெரே நகரத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் சமையலறையில் அந்தக் கோப்பையோடு நின்றிருந்தபோது போன் அதிர்ந்தது.

'தறி ஒன்று தொடர்பில் இல்லை.'

கோப்பையைக் கீழே வைப்பதற்குள் இன்னொன்று வந்தது. 'தறி இரண்டு தொடர்பில் இல்லை.' மூன்றாவதும் வந்துவிடுமோ என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தது.

இந்தத் தறிகள் நெய்கிற தறிகள் அல்ல. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயம்பேட்டையில், என் அண்ணன் குமரவேலு பட்டு நெய்யும் அறையின் மூலையில், நான் வைத்துவிட்டு வந்த மூன்று கணினிகளின் பெயர். ஏழு மாதமாக இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தவை. ஒன்று நின்றால் கேபிள் கழன்றிருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றும் ஒரே நிமிடத்தில் நின்றால் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அங்கே மணி பதினொன்றரை. அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டேன். எதிரே நின்ற சக ஊழியர் வழக்கம்போல ஒன்றும் கேட்காமல் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அடுத்தவர் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பது இங்கே பழக்கமில்லை. அன்று யாராவது கேட்டால் தேவலை போலிருந்தது.

எனக்கு வந்த முதல் பயம் மின்வாரியம். போன வாரம் பேசும்போது அண்ணன் சொல்லியிருந்தார்: "ரீடிங் எடுக்கற அம்மா மீட்டர ரெண்டு தபா பாத்துட்டு போனாங்கடா." சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் சாதாரணமாகக் கேட்டதுபோல உம் கொட்டினேன்.

2

கிரிப்டோ நாணயம் என்றால் ஊரில் இருப்பவர்களுக்குப் பணத்தைப் போட்டு ஏமாந்த யாராவது ஒரு மாமா நினைவுக்கு வருவார். நான் போட்டது பணம் அல்ல, கணினி. பெரும்பாலான நாணயங்களைக் கணக்குப் போட்டுத் தோண்டி எடுப்பதற்குக் கிடங்கு நிறைய தனி இயந்திரங்கள் வேண்டும். நான் தோண்டியது வேறு ரகம். வீட்டில் இருக்கும் சாதாரணக் கணினியே போதும். பெரிய முதலாளிகளின் இயந்திரங்களுக்கு அனுகூலம் கிடைக்காதபடி அதன் கணக்கையே அப்படி அமைத்திருக்கிறார்கள். யாரோ யாருக்கோ அனுப்பும் பணத்தைச் சரிபார்க்கும் கணக்கை உலகம் முழுக்க வீட்டுக் கணினிகள் போட்டுக்கொண்டே இருக்கும். போட்டதற்குத் தகுந்தபடி அந்த நாணயத்திலேயே ஒரு துணுக்கு கூலி. தனியாகப் போட்டால் கூலி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் குழுவாகச் சேர்ந்து போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். குழுவின் இணையதளம் ஒவ்வொரு கணினியையும் 'தொழிலாளி' என்கிறது, பெயர் வைக்கவும் சொல்கிறது. நான் தறி என்று வைத்தேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகப் பட்டது அப்போது.

முதலில் தம்பெரே வீட்டில்தான் ஓட்டினேன். குளிர்காலத்தில் கணினி விடும் சூடு வீண்போகாது; வாசலில் ஈர பூட்ஸ் காய்வதற்கு உதவும். என் மனைவி வனிதா மருத்துவமனையில் நர்ஸ். பூட்ஸ் காய்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொண்டாள். மகள் இலக்கியாவுக்குப் பதினைந்து வயது. "ஒண்ணுமே செய்யாத ஒண்ணுக்காக இவ்வளவு கரண்ட்டா?" என்று கேட்டாள். இந்த ஊரில் மின்சார விலை மணிக்கு மணி மாறும். விலை ஏறும்போது நிறுத்தி, இறங்கும்போது ஓட்டி, போனையே பார்த்துக்கொண்டு ஒரு குளிர்காலத்தைக் கழித்தேன். பிறகுதான் அந்த மகா யோசனை வந்தது. மின்சாரம் சும்மா கிடைக்கும் ஒரு வீடு எனக்குத் தெரியுமே!

கைத்தறி நெசவாளர்களுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு வரை அரசாங்கம் மின்சாரத்தை இலவசமாகக் கொடுக்கிறது. அண்ணன் வீட்டில் தறிக்கென்று தனி மீட்டர் உண்டு. கைத்தறிக்கு மின்சாரம் எதற்கு? இரண்டு விளக்கு, ஒரு ஃபேன். இலவச அளவில் பாதியைக்கூட அண்ணன் தொடுவதில்லை. மீதி வீணாகத்தானே போகிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அரசாங்கம் என் அண்ணன் உழைப்புக்குக் கொடுத்ததை நான் எடுத்துக்கொள்வதற்குப் பெயர் என்ன என்று யோசிக்கவில்லை. யோசிக்கத் தெரியாமல் இல்லை.

3

போன ஐப்பசியில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். சென்னை ரிச்சி தெருவில் மூன்று பழைய கணினிகளை வாங்கி, வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு ஐயம்பேட்டையில் இறங்கினேன். அடைமழை. அண்ணன் தறியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். குழித்தறிக்கு மழை ஆகாது. குழியில் ஈரம் ஊறும், தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு நமுத்துத் தொய்ந்துவிடும், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடாது.

"இன்னாடா இது, மைக்செட்டு மாதிரி பொட்டி பொட்டியா எறக்கற?" என்றார்.

"கம்ப்யூட்டர்ணா. அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும். நீ ஒண்ணும் பண்ண வேணாம்."

"ஓடி இன்னா பண்ணும்?"

"கணக்கு போடும்."

"யாரு கணக்க?"

விளக்கினேன். எனக்கே அரைகுறையாகத் தெரிந்ததை அவருக்கு முழுதாக விளக்கினேன். அண்ணி கற்பகம் நாடாவில் வைக்கும் நூலைத் தாராகச் சுற்றுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கணக்கு போட்டா துட்டு குடுக்கறாங்களா தம்பி? நானுந்தான் கல்யாணம் ஆனதுலருந்து இந்த வூட்டு கணக்க போட்டுக்கினு இருக்கறேன். ஒருத்தரும் ஒரு டீ கூட வாங்கி குடுக்கல."

அண்ணன் சிரிக்கவில்லை. நான் பிளக்கைச் செருகப் போன இடத்தைப் பார்த்துவிட்டார். "தறி மீட்டர்லயா போட்ற? அது தறிக்குன்னு குடுத்ததுடா."

"நீ முழுசா ஓட்டறதே இல்லியேண்ணா. மீதி சும்மாதான போவுது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து எனக்கு அது தெரியும். அதனால் அடுத்த வார்த்தையைச் சொன்னேன்.

"அங்க முன்ன மாதிரி இல்லண்ணா. ஆள வேலைய வுட்டு எடுத்துக்கினு இருக்கறாங்க. கொஞ்சம் கஷ்டந்தான். இது ஓடிச்சின்னா ஒத்தாசையா இருக்கும்."

எங்கள் கம்பெனியில் ஆள் குறைத்தது உண்மை. வேறொரு பிரிவில், வேறொரு ஊரில். என் மேசைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. வீட்டுக் கடன் ஒழுங்காகப் போகிறது, வனிதாவின் சம்பளம் வருகிறது. நான் சொன்னது பச்சைப் பொய்கூட இல்லை; பச்சைப் பொய்யாவது சொல்பவனுக்கு உறுத்தும்.

அண்ணன் முகம் மாறிவிட்டது. "மொதல்லயே சொல்ல வேணாமாடா? வை. எங்க வேணுமோ அங்க வை" என்றார். தானே நகர்ந்து மூலையில் இருந்த நூல் பெட்டிகளைத் தூக்கி இடம் பண்ணிக் கொடுத்தார்.

கிளம்புவதற்கு முன்பு ஒரு தாளில் மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினேன். சன்னலைத் திறக்கக் கூடாது, தூசி வரும். அறையில் தண்ணீர் கூடாது. சுவிட்சை அணைக்கக் கூடாது. அண்ணி அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்காததுதான் பாக்கி.

4

நவம்பரிலும் டிசம்பரிலும் என் யோசனைக்கு ஊரே பாராட்டு வழங்கியது. மூன்று கணினிகள் விட்ட சூட்டில் தறி அறை காய்ந்து கிடந்தது. பாவு நமுக்கவில்லை. தெருவில் மற்ற வீடுகளில் தறி நின்றபோது எங்கள் வீட்டில் மட்டும் சத்தம் கேட்டது. "தம்பி பொட்டி வந்ததுலருந்து மழையில ஒரு நாளு கூட தறி நிக்கல" என்று அண்ணி போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாராம். நான் இங்கே பனியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு போனில் நாணயம் சேர்வதைப் பார்ப்பேன். தம்பிக்கும் லாபம், அண்ணனுக்கும் லாபம். என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் இருந்த மாதங்கள் அவை.

வருமான வரிப் படிவம் வந்தது. தோண்டிய நாணயத்தையும் இங்கே கணக்கில் சொல்ல வேண்டும். பின்னிஷ் மொழியில் கேள்வி, பின்னிஷ் மொழியில் பதில். இத்தனை வருடம் கழித்தும் அரசாங்கப் படிவத்தைப் பார்த்தால் எனக்கு இந்த மொழி மறந்துபோகும். வேற்றுமை உருபை மாற்றிப் போட்டு, ஒருமுறை வங்கிக்கு 'நான் ஒரு வீட்டுக் கடன்' என்று எழுதிக் கொடுத்தவன் நான். விளக்கம் எழுத விட்டிருந்த இடத்தில் எதற்காகத் தோண்டுகிறேன் என்று ஒரே சொல்லில் எழுதினேன். ஹர்ரஸ்துஸ். பொழுதுபோக்கு.

அண்ணனிடம் கஷ்டம் என்றேன், வரி அலுவலகத்திடம் பொழுதுபோக்கு என்றேன். அரசாங்கத்திடம் உண்மை பேசிவிட்டேன் என்று ஒரு திருப்தி வேறு.

சித்திரை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் வந்தார். குரல் சரியில்லை.

"பாவு அறுந்துக்கினே இருக்குதுடா. உக்காந்தா எழ முடியல. ஒரு முழம் நெய்யறதுக்குள்ள எத்தன எழை முடியறது? கண்ணு போவுது."

தறியில் இருந்தது வைகாசி முகூர்த்தத்துக்கான புடவை. மாம்பழ நிற உடல், அரக்கு பார்டர், அரக்கு முந்தி. உடலும் பார்டரும் வேறு வேறு நிறம் என்பதால் அண்ணனும் அண்ணியும் சேர்ந்து உட்கார்ந்து நெய்ய வேண்டும். நாள் குறித்த வேலை. காஞ்சிபுரத்துக் கடை முதலாளி கண்டிப்பானவர். நாள் தவறினால் அவர் கொடுக்கும் அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும். அப்புறம் ஆடி ஆவணி வரை தறி வெறும் கட்டையாக நிற்கும். அண்ணனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கணினித் திரையில் தறி அறையைப் பார்த்தேன். அறை என்றால் அறையே அல்ல. ஒவ்வொரு தொழிலாளியின் உடல் சூட்டையும் எனக்கு எண்ணாகக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. மூன்று எண்களும் சிவப்பில் இருந்தன. அந்த நேரத்தில் ஒரு எண்ணம் வந்தது. வந்த வேகத்திலேயே அதைத் தள்ளிவிட்டேன்.

"நூல் சரியில்லியோ? சாயத்துல ஏதாவது கோளாறா இருக்கப் போவுதுண்ணா" என்றேன்.

அப்போது எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் ஆசை. பாதி தெரியும். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை, ஏனென்றால் அந்த மாதம் நாணயத்தின் விலை ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் அண்ணி சொன்னார். அண்ணன் நேராகச் சாயம் போடும் பாலு வீட்டுக்குப் போயிருக்கிறார். பாலுவும் அண்ணனும் ஒரே வகுப்பு, ஒரே வயசு. இத்தனை வருடமாக எங்கள் பட்டுக்கு வேறு யாரும் சாயம் போட்டதில்லை. அவர் வாசலில் நின்று, தெருவே கேட்க, 'நூல வேக வெச்சி கெடுத்துட்ட' என்று அண்ணன் கத்தியிருக்கிறார். பாலு கதவைச் சாத்திக்கொண்டாராம்.

5

மறுபடியும் அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். பத்து மணிக்கு ஒரு கூட்டம். ஒரு காகித ஆலைக்கு நாங்கள் எழுதிய மென்பொருளைப் பற்றி யாரோ பேசினார்கள். உலர்த்தும் பகுதியில் ஈரப்பதம் குறைந்தால் காகிதம் கிழியும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். நான் வேலை பார்ப்பதே அந்த ஈரப்பதத்தைக் கண்காணிக்கும் பிரிவில்தான். கிழியும் காகிதத்துக்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள், நானும் வாங்குகிறேன். என் பார்வை மேசைக்கு அடியில் போன் மேல் இருந்தது.

அண்ணி எண்ணுக்குப் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். இதுவரை அண்ணி போனை அணைத்து நான் பார்த்ததில்லை. மனசு என்னென்னவோ கட்டியது. மின்வாரியத்துக்காரர்கள் வந்து தறி மீட்டரைக் கழற்றுகிறார்கள். அண்ணன் வாசலில் நிற்கிறார். தெரு வேடிக்கை பார்க்கிறது. முகூர்த்தப் புடவை இருட்டில் கிடக்கிறது. நெசவாளர் என்று அரசாங்கம் கொடுத்த அடையாள அட்டையைக் கேட்கிறார்கள். 'யாருதுய்யா இந்த மெஷினு?' என்று கேட்டால் அண்ணன் என் பேரைச் சொல்ல மாட்டார். சொல்லவே மாட்டார் என்று தெரிந்திருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குள் பதினேழு தடவை கூப்பிட்டிருந்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினேன். டிராமில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன்.

இலக்கியா பள்ளிக்கூடம் முடிந்து வந்து வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சன்னலடியில் ரேடியேட்டர் மேல் எப்போதும் இருக்கும் பீங்கான் கிண்ணம் காலியாக இருந்தது. குளிர்காலத்தில் தினமும் காலையில் அதில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஊற்றாவிட்டால் ஹீட்டர் சூட்டில் அறைக் காற்று காய்ந்து வயலின் மரம் வெடித்துவிடும் என்று அவள் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஆறு குளிர்காலமாக ஒரு நாள் தவறாமல் ஊற்றியிருக்கிறேன்.

கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சித்திரை வெயிலில் தறி வீடுகளில் என்ன செய்வார்கள்? சன்னலுக்கு ஈரச் சாக்கு கட்டுவார்கள். பாவுக்குக் கீழே தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். பட்டு இழைக்குக் குளுமை வேண்டும், காய்ந்தால் அறுந்துவிடும். நான் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாக்கை நனைத்துக் கட்டுவது என் வேலையாக இருந்தது. அந்த அறையில் தண்ணீர் கூடாது என்று எழுதி ஒட்டியது நான். சன்னலைத் திறக்கக் கூடாது என்று எழுதியதும் நான். அந்தத் தாளை மதித்து, சித்திரை முழுக்க, மூன்று அடுப்பை மூலையில் வைத்துக்கொண்டு சாக்கு கட்டாமல் நெய்திருக்கிறார்கள்.

"பெரியப்பா போன் எடுக்கல" என்றேன் இலக்கியாவிடம்.

"இன்னிக்கு எடுக்காது. பெரியம்மா சொல்லிச்சு."

"சொல்லிச்சு இல்ல, சொன்னாங்க."

"அப்பா, இப்ப இதுவா முக்கியம்?" அவள் வயலினைப் பெட்டியில் வைத்தாள். "இன்னிக்கு முந்தி மாத்தறாங்க. காலைலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் பேசவே கூடாது. போனெல்லாம் ஆஃப், இல்லன்னா சைலண்ட். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. தறியில் என்றைக்கு என்ன வேலை என்று நான் கேட்டதே இல்லை, நாணயம் எவ்வளவு என்று பார்த்ததோடு சரி. உடல் நிறப் பாவை முந்தி நிறப் பாவோடு ஒவ்வோர் இழையாகக் கோத்து மாற்றுகிற நாள் அது. அன்றைக்கு எங்கள் வீட்டில் குழந்தை அழுதால்கூடத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். தமிழ் பேசினால் பாதி தப்பு வரும் என் மகளுக்கு அது தெரிந்திருக்கிறது. வாராவாரம் பெரியம்மாவோடு பேசுகிறாளாம். எங்கள் ஊரை விட்டு அவள் விலகிப் போகிறாள் என்று நானும் வனிதாவும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம்.

"மெஷினையும் நிறுத்திட்டாங்க" என்றேன்.

"நல்லது. ரெண்டு வாரம் முன்னாடியே நான் பெரியப்பாகிட்ட சொன்னேன், அதனாலதான் நூல் அறுந்து போகுதுன்னு. வயலின் மாதிரின்னு சொன்னேன். பெரியப்பாக்கு உடனே புரிஞ்சுது."

"அப்ப ஏன் அன்னிக்கே நிறுத்தல?"

அவள் என்னைப் பார்த்தாள். தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, நமக்கு ரொம்பக் கஷ்டமா?"

மேசை மேல் கோடைக்கால இசை முகாமுக்கான படிவம் கிடந்தது. பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய இடம் காலி. கடைசித் தேதி முந்தின நாளோடு முடிந்திருந்தது. அவள் என்னிடம் அதை நீட்டவே இல்லை.

6

இரண்டரைக்கு அவளே வீடியோவில் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே அண்ணி எடுத்தார். முகம் முழுக்க வியர்வை, சிரிப்பு.

"முடிஞ்சிடுச்சிடி ராஜாத்தி! ஒரு எழை கூட அறுவல!"

அண்ணன் போனை வாங்கினார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. நான் பேசுவதற்கு முன்பே அவர் பேசினார்.

"கோச்சிக்காதடா சேகரு. காலையில நாந்தான் நிறுத்தனேன். மூணு நாளுதான். முந்திய நெய்ஞ்சி சனிக்கெழம புடவைய குடுத்துட்டன்னா மறுபடி போட்டுடறேன். அதுக்குள்ள அங்க உனக்கு ஏதாவது இடைஞ்சல் வந்துடுமா?"

அவருக்குப் பின்னால் தறி அறை தெரிந்தது. மூலையில் மூன்று பெட்டிகள் மேல் பழைய போர்வை மூடியிருந்தது. திறந்த சன்னலில் ஈரச் சாக்கு தொங்கியது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஈபிகாரங்க வந்தாங்களா?" என்றுதான் என் வாயில் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் முதலில் வந்தது.

"அவங்க எதுக்குடா வராங்க?"

"தறி மீட்டர்ல..."

"அத நீ ஏரோப்ளேன் ஏறின மறுநாளே மாத்திட்டேன். வூட்டு மீட்டர்லருந்து ஒயரு இழுத்துக்கினேன். தறிக்குன்னு குடுத்தத வேறெதுக்கும் ஓட்டக் கூடாதுடா. மனசு ஒப்பல."

"பில்லு?"

"அத வுடு. நீ அங்க கஷ்டப்படறப்ப நான் இதக் கூட பண்ண மாட்டேனா?"

ஏழு மாதம். என் பொழுதுபோக்குக்கு அண்ணன் வீட்டுப் பில்லில் மின்சாரம். அந்த ரீடிங் அம்மா இரண்டு தடவை பார்த்தது அவருடைய வீட்டு மீட்டரை. நூல் அறுவது எதனால் என்று தெரிந்த பிறகும் இரண்டு வாரம், தம்பிக்கு ஒத்தாசை நின்றுவிடக் கூடாது என்று, அந்தச் சூட்டில் உட்கார்ந்து இழை இழையாக முடிந்திருக்கிறார்கள் இருவரும்.

இலக்கியா என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

"அண்ணா, எனக்கு ஒரு கஷ்டமும் இல்லண்ணா. அப்பவும் இல்ல. உன்ன ஒத்துக்க வைக்கணும்னு சொன்னேன். இது சும்மா ஆசைக்குப் பண்ணது. இதுவரைக்கும் ஒரு காசு எடுத்து செலவு பண்ணல. நீ அத திரும்பப் போடாத."

அண்ணன் போர்வை மூடிய பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேல போவலியா?" என்றார்.

"இல்லண்ணா."

"நெஜமாவே?"

"நெஜமா."

பெருமூச்சு விட்டார். அது கோபமா நிம்மதியா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செரி. அப்ப பாலுகிட்ட நீயே பேசிடுடா. சாயத்துமேல குத்தம் இல்லன்னு ரெண்டு வாரமா தெரியும். எனக்குப் போயி நிக்க மூஞ்சி இல்ல. போனா எதனாலன்னு கேப்பான், உன் பேரச் சொல்லணும். அதான் போவல."

7

இந்தக் குறிப்பை எழுதும்போது முகூர்த்தம் முடிந்துவிட்டது. புடவை சனிக்கிழமை காலையிலேயே கடைக்குப் போய்ச் சேர்ந்தது, அடுத்த பாவு தறியில் ஏறிவிட்டது. முகாமுக்கு இலக்கியாவைச் சேர்க்கச் சொல்லி மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பின்னிஷ் பிழைகளை அவளே திருத்திக் கொடுத்தாள். சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த நாணயம் முழுவதையும் விற்று அண்ணனுக்கு அனுப்பினேன். அது இன்னும் வங்கியில் அப்படியே கிடக்கிறது, அவர் தொட மாட்டேன் என்கிறார். மூன்று கணினிகளையும் அண்ணி செவிலிமேட்டில் ஒரு டைப்பிங் சென்டருக்குக் கொடுத்துவிட்டார். சுவரில் இருந்த தாளைக் கிழித்தாரா என்று கேட்கத் துணிவில்லை.

நான் சொல்ல வந்தது அந்தப் புதன்கிழமையின் கடைசிப் போனைப் பற்றி. அண்ணன் வைத்ததும் பாலு அண்ணன் எண்ணைத் தேடி எடுத்தேன். அவரோடு பேசி நாலைந்து வருடம் இருக்கும். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன், வரி அலுவலகத்துக்கு எழுதுவதுபோல. தெருவே கேட்க அவமானப்பட்ட மனிதர். என்னைத் திட்டட்டும், எங்கள் குடும்பத்தையே திட்டட்டும், கேட்டுக்கொள்வோம் என்று எழுந்து நின்றுகொண்டேன்.

மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னால் கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம்.

"பாலுண்ணா, நான் சேகரு பேசறேன். குமரவேலு தம்பி. பின்லாந்துலருந்து."

"சேகரா!" என்றார். சத்தம் இல்லாத இடத்துக்கு நகர்ந்து வந்தார் போல, குரல் தாழ்ந்து கிட்டத்தில் கேட்டது. "ஏம்பா, அங்க வேலைக்கு ஏதோ கஷ்டமாமே? உங்க அண்ணன் தீபாவளியப்பவே சொன்னாரு. ரொம்ப வேதனையா போச்சிபா. எப்படிப்பா இருக்கற? சாப்பாட்டுக்கெல்லாம் கொற இல்லியே?"

தாளில் எழுதி வைத்திருந்த எதையும் என்னால் படிக்க முடியவில்லை.